துருவம் அண்ணாச்சியின் எட்டாவது நாய்

1981 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். கிணற்றில் பதினான்கு வாளி இறைத்தேன். ஐந்து நாற்பதுக்குக் காப்பி. டிகாஷன் நீர்த்திருந்தது, சொல்லவில்லை. ஆறு மணிக்கு முந்தைய நாள் டைரியைச் சரிபார்த்து அடியில் கோடு போட்டேன். ஆறரைக்கு முகச்சவரம். ஏழு ஐந்துக்கு இட்டிலி, நான்கு. ஒன்பதே முக்காலுக்கு இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, எண்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். நோட்டின் அட்டையில் என் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘துருவம் – முரண்பாடுகள்’.

சங்கரன்கோவிலில் துருவம் அண்ணாச்சியை நம்பியவர் என்று ஒரு மனிதர்கூடக் கிடையாது. மற்றவர்கள் சும்மா நம்பாமல் இருந்தார்கள். நான் மட்டும் ஒழுங்காக, தேதி போட்டு நம்பாமல் இருந்தேன்.

அண்ணாச்சிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்பத் கடை. புளியங்குடி எலுமிச்சை, நன்னாரி, மண்பானைத் தண்ணீர். இதில் ஐஸ் கிடையாது. எங்கள் ஊர் வெயிலில் ஐஸ் போடாத சர்பத் கடை நடத்துவதற்கு ஒரு தனி மனத்துணிவு வேண்டும். பஸ்ஸிலிருந்து வியர்த்து இறங்கி வந்தவர், “கொஞ்சம் ஐஸ் போடுங்க அண்ணாச்சி” என்று கேட்டுவிட்டால் போதும். அண்ணாச்சி தம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

“ஐஸா? ஒரு ஆயுசுக்கு உண்டான ஐஸை ஒரே நாள்ல பாத்தவன் வே நான். இனி என் கடைக்குள்ள அது வரப்படாது. எங்கன பாத்தேன்னு கேளும்.”

கேட்காவிட்டாலும் சொல்லுவார். சிவகிரி பஸ் புறப்பட்டுப் போய்விடும். கேட்டவர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்.

கதை இதுதான். அவர் ஒரு சரக்குக் கப்பலில் சமையற்கட்டு ஆளாக இரண்டு வருடம் இருந்தார். கப்பல் இரும்புக்கல் ஏற்ற நார்வே நாட்டின் வடக்குக் கோடிக்குப் போனது. டிசம்பர் மாதம். கல் ஏற்றுவது தாமதமானதால் ஒருநாள் விடுமுறை. கப்பல்காரர்கள் அவரையும் சேர்த்து நான்கு பேரை அழைத்துப்போய், நாய்கள் இழுக்கும் வண்டியில் உட்காரவைத்துப் பனிமேல் ஓட்டிக் காட்டினார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பியாயிற்று. அந்த ஒரு பகலைத்தான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்; துருவம் என்ற பட்டப்பெயர் அதில் வந்தது.

“சக்கரம் இல்லாத வண்டி வே. முன்னால எட்டு நாய். ரெண்டு ரெண்டா நிக்கும். முன்னால நிக்கதுக்கு ஒரு கண்ணு நீலம், ஒரு கண்ணு தவிட்டு நிறம். கிளம்புததுக்கு முன்னாடி அதுக போடுத ஊளை இருக்கே, காதுல பஞ்சு வைக்கணும். கிளம்பிட்டா சத்தம் கிடையாது. மூச்சு மட்டுந்தான். ஓடிக்கிட்டே பனியைக் கடிச்சுத் தின்னும். குளிரா? என் மீசை உறைஞ்சு அப்பளம் மாதிரி ஆயிட்டு. தொட்டேன், இடது பக்கம் ஒடிஞ்சு கையோட வந்துட்டு.”

அவருடைய இடது மீசை வலதைவிடக் குட்டை என்பது உண்மை. அதற்கு முடிவெட்டுகிறவர் காரணமாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

நான் பத்திர எழுத்தர். பதிவு ஆபீஸ் எதிரில் எனக்கு ஒரு மேசை, ஒரு மரத்தடி. பொய் சொல்லும் கட்சிக்காரரைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. நிலத்தின் நான்கெல்லையைச் சொல்லச் சொல்லி, பேச்சை மாற்றி, கால்மணி நேரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். பொய்க்காரர் கிழக்கில் இருந்த ஓடையை மேற்கே கொண்டுபோய் விட்டுவிடுவார். அதே முறையை அண்ணாச்சியிடம் கையாண்டேன். அவர் கதை சொல்லும்போதெல்லாம் ஒரு சர்பத்தோடு ஓரமாக உட்கார்ந்து எழுதினேன். ஏழு வருடத்தில் இருபத்து மூன்று தடவை.

“என்னவே ரைட்டரே, இன்னைக்கும் நோட்டா?” என்பார்.

“சொல்லுங்க அண்ணாச்சி. அன்னைக்கு சூரியனே வரலைன்னு சொன்னீங்க. சூரியன் இல்லைன்னா அது பகல்னு எப்படித் தெரிஞ்சுது?”

“கப்பல்ல மத்தியானச் சோறு வடிக்கது நாந்தானே வே. பகல் எப்பம்னு எனக்குத் தெரியாதா?”

இதை எழுதிக்கொண்டேன். ஓரத்தில் ‘சமாளிக்கிறார்’ என்று சிறிய எழுத்தில் சேர்த்தேன்.

நூலகத்தில் உலகப் படத்தை விரித்துப் பார்த்தேன். நார்வே அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. அவரும் இதே படத்தைப் பார்த்திருக்கலாம் என்று நூலகக் கையெழுத்துப் பதிவேட்டை ஆறு வருடத்துக்குப் புரட்டினேன். அவர் பெயர் இல்லை. சந்தேகம் தீரவில்லை. வேறு யாராவது பார்த்து வந்து அவரிடம் சொல்லியிருக்கலாம்.

கப்பலில் வேலை பார்த்த புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். கரையான் அரித்துவிட்டது என்றார். கோவில் புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் பூசிக்கொள்ளும் ஊரில் கரையானைக் குறை சொல்லி யாரும் வழக்காட முடியாது. அதைத் தெரிந்தே சொல்கிறார் என்று குறித்துக்கொண்டேன்.

அவர் கடைப் பலகைக்கு அடியில் நொண்டி நாய் ஒன்று படுத்திருக்கும். தினம் காலையில் கடை திறந்ததும் முதல் பன் அதற்குத்தான். அதற்கு அவர் வைத்த பெயர் எட்டு.

“நாய்க்கு ஏன் அண்ணாச்சி எட்டுன்னு பேரு?”

“ஏழுக்கு அடுத்தது எட்டு தானே வே” என்றார். இதையும் எழுதினேன். இது பதில் இல்லை என்றும் எழுதினேன்.

1979 சித்திரையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் அண்ணாச்சியின் வாயை அடைக்க ஒரு திட்டம் போட்டார். “பேச்சு போதும். ஒரு தடவை ஓட்டிக் காட்டும். பனி இல்லாட்டி என்ன, வத்தின குளம் கிடக்கு” என்றார். அண்ணாச்சி சட்டென்று சரி என்றுவிட்டார். சரி என்ற வேகமே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

இளையரசனேந்தல் பக்கம் முயல்வேட்டைக்கு சிப்பிப்பாறை நாய் வளர்க்கும் ஒருவர் நான்கு நாய்களோடு வந்தார். ஒல்லியாக, வில்லுபோல் வளைந்த முதுகோடு, யாரையும் மதிக்காத முகத்தோடு நான்கு நாய்கள். ஆசாரி சக்கரம் இல்லாத வண்டி ஒன்று செய்து கொண்டுவந்தார். பார்வைக்கு அது கால் ஒடிந்த கட்டில். கூடவே ஒரு பொருளை வேட்டியில் சுற்றி எடுத்து வந்தவர், பெருமையோடு அவிழ்த்தார்.

“ஏலே, இது என்னதுலே?” என்றார் அண்ணாச்சி.

“நுகத்தடி அண்ணாச்சி. நாய் அளவுக்குச் சின்னதா இழைச்சிருக்கேன். கழுத்துமணியும் நாலு கொண்டாந்திருக்கேன்.”

“நாய்க்கு எதுக்குலே நுகம்?”

“நுகம் இல்லாம என்ன வண்டி அண்ணாச்சி?”

“மாட்டுக்குக் கழுத்துல வலு. நாய்க்கு நெஞ்சுலதான்லே வலு. இதை மாட்டினேன்னா நாக்கு வெளிய வந்து செத்துப் போயிரும். நெஞ்சுக்குக் குறுக்க பட்டை கட்டணும்.”

“சாட்டையாவது உண்டா?” என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

“சாட்டை கிடையாது. மூக்கணாங்கயிறு கிடையாது. வாயால சொன்னாக் கேக்கும்.”

“என் நாய் நான் சொன்னாலே கேக்காது” என்றார் இளையரசனேந்தல்காரர்.

அண்ணாச்சி தன் துண்டையும், சுற்றி நின்றவர்களின் துண்டுகளையும் வாங்கி நாய்களின் நெஞ்சில் குறுக்கே கட்டினார். நாய்கள் கயிற்றில் நின்று ஊளையிட்டன. அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஏதோ ஒரு சொல்லை உரக்கச் சொன்னார். அது நார்வே சொல் என்றார். நான்கு நாய்களும் உட்கார்ந்தன. மறுபடி சொன்னார். ஒரு நாய் படுத்துவிட்டது. கூட்டம் சிரித்தது. அப்போது குளத்து நடுவிலிருந்த உடைமரத்து அடியிலிருந்து ஒரு முயல் புறப்பட்டது.

அடுத்து நடந்ததை நான் காலடியால் அளந்தேன். நூற்று நாற்பத்திரண்டு அடி. அதில் முதல் தொண்ணூறு அடி அண்ணாச்சி வண்டிமேல் இருந்தார். பிறகு வண்டி அண்ணாச்சிமேல் இருந்தது. முயல் தப்பிவிட்டது. முள்ளிலிருந்து எடுத்து நிறுத்தியபோது முழங்கை இரண்டிலும் ரத்தம், வேட்டியில் பாதி இல்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி.

“ஓடும்போது குலைச்சுதா? நெஞ்சுல கைவச்சுச் சொல்லுங்க, ஒரு நாயாவது குலைச்சுதா?”

குலைக்கவில்லை. எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வண்டியைப் பற்றிப் பொய் சொன்னால் அந்தப் பொய்யில் கட்டாயம் நுகம் இருக்கும், சாட்டை இருக்கும், கழுத்துமணி கிணுகிணுக்கும். இவர் சொன்னதில் இவை ஒன்றும் இல்லை. அதனால் என் சந்தேகம் இரு மடங்காகியது. இவ்வளவு ஜாக்கிரதையாகப் பொய் சொல்கிற மனிதர் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பார்?

என் நோட்டில் உருப்படியாக ஒரே ஒரு முரண்பாடுதான் சிக்கியிருந்தது. போகும்போது எட்டு நாய். திரும்பும்போது, “ஏழு நாயும் வாலைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துச்சு பாரும்” என்பார். இருபத்து மூன்று தடவையும் போகும்போது எட்டு, வரும்போது ஏழு. எட்டாவது நாய் எங்கே என்று ஒன்பது தடவை கேட்டேன். ஒன்பது தடவையும் எலுமிச்சை பிழியத் திரும்பிக்கொண்டார். அதற்கு அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.

இந்த நிலையில்தான் அவர் மகள் கோமதிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை சிவகிரியில் வாத்தியார். தகப்பனார் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் தரகர். பெண் பார்த்தாயிற்று, இரு பக்கமும் பிடித்துவிட்டது. இடையில் யாரோ புளியங்குடிக்காரர் காதில் ஓதிவிட்டார்கள். அண்ணாச்சி கப்பலிலேயே ஏறவில்லை, அந்த இரண்டு வருடமும் தூத்துக்குடியில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார், நாய்வண்டிக் கதை அதை மூடக் கட்டியது என்று. ஊரில் இந்தப் பேச்சு பழையது. மதிக்காமல் விட்டிருந்தோம். இப்போது அதில் ஒரு பெண்ணின் கல்யாணம் தொங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் கோமதி என்னிடம் வந்தாள்.

“மாமா, நாளைக்கு அவுக வாராவ. அப்பாட்ட கேட்டுத் தெளியணுமாம். நீங்க அந்த நோட்டைக் கொண்டாங்க.”

“வேண்டாம்மா. அதுல உங்க அப்பாவுக்கு எதிரா ஒரு விஷயம் இருக்கு.”

“இருக்கட்டும். உள்ளதை வாசிங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எங்கப்பா பொய் சொல்லுதாருன்னா முதல்ல எனக்குத் தெரியணும். அந்தச் சந்தேகத்தைத் தூக்கிக்கிட்டு நான் எப்படி மாமா இன்னொரு வீட்டுக்குப் போவேன்?”

அதனால்தான் ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு நோட்டோடு எதிரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

புளியங்குடிக்காரர் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். பெரிய உருவம், மெல்லிய குரல். காப்பியைத் தொடவில்லை. அண்ணாச்சி புதுச்சட்டையில் சுவரோரம் நின்றார். அவர் மனைவியும் கோமதியும் அடுக்களை வாசலில்.

“பொண்ணு தங்கம். அதுல ஒரு சொல் கிடையாது” என்றார் புளியங்குடிக்காரர். “ஆனா மார்க்கெட்டுல நாலு பேர் நாலு விதமாப் பேசுதாவ. ரைட்டர், நீங்க ஒரு எழுத்து மாத்தி எழுதமாட்டீகன்னு கேள்வி. நீங்க சொல்லுங்க. இவரு சொல்லுதது நெசமா?”

“நிஜம் என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. எழுதினதை வாசிக்கிறேன்” என்றேன்.

வாசித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. இருபத்து மூன்று தேதிகள். ஊளை மாறவில்லை. மீசை மாறவில்லை. நீலக்கண் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போகவில்லை. புளியங்குடிக்காரர் நடுவில் காப்பியைக் கையில் எடுத்தார். அத்தோடு நான் நோட்டை மூடியிருக்கலாம். மூட முடியவில்லை. எழுதியதை விட்டுவிட்டு வாசித்து எனக்குப் பழக்கமில்லை.

“முரண்பாடு ஒன்று” என்றேன். “போகும்போது எட்டு நாய். வரும்போது ஏழு. ஒன்பது முறை கேட்டும் விளக்கம் இல்லை.”

காப்பி மறுபடி கீழே இறங்கியது.

“எட்டாவது நாய் என்ன ஆச்சு அண்ணாச்சி?” என்றார் புளியங்குடிக்காரர்.

அண்ணாச்சி பழக்கத்தில் எலுமிச்சை பிழியத் திரும்பினார். அங்கே சுவர்தான் இருந்தது.

“சொல்லுங்கப்பா” என்றாள் கோமதி. “இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்.”

அவர் சுவரைப் பார்த்தே சொன்னார்.

“என் மடியில இருந்துச்சு.”

“என்ன?”

“திரும்பி வாரப்போ அதுக்குக் கால்ல ஐஸ் கிழிச்சிட்டு. நொண்டுச்சு. வண்டி ஓட்டினது நான் இல்ல வே, ஒரு பொம்பளை. நான் சும்மா மூட்டை மாதிரி உக்காந்திருந்தேன். அவ நாயை அவுத்துத் தூக்கியாந்து என் மடியில போட்டுட்டா. வழியெல்லாம் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்.” நிறுத்தினார். “அழுதுக்கிட்டு வந்தேன். அது என் மூஞ்சியை நக்குச்சு. கண்ணீர் உறையுததுக்கு முன்னாடி நக்கிரும். இதை பஸ் ஸ்டாண்டுல வச்சு எப்படிச் சொல்லச் சொல்லுதீரு?”

“எதுக்கு அழுதீக?” என்றார் புளியங்குடிக்காரர்.

“அதுக்கு முந்தின நாள்தான் கப்பலுக்கு லெட்டர் வந்துச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல், பதினொரு நாளாச்சு, இறங்கலைன்னு. லெட்டர் வந்து சேர அஞ்சு வாரம். பிள்ளை இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அங்கன யார்ட்ட கேக்க? முகத்தைத் தொங்கப்போட்டு இருக்கானேன்னுதான் கூட உள்ளவனுவ என்னை அந்த வண்டியில ஏத்தினானுவ. அந்த நாய் சூடா இருந்துச்சு வே. சின்னதுல கோமதி மடியில படுத்துக் கிடப்பாளே, அந்தச் சூடு. இறக்கி விடச் சொன்னப்போ நான் விடமாட்டேன்னுட்டேன். நாலு பேரு பிடிச்சு இழுத்தாவ.”

அடுக்களை வாசலிலிருந்து அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்.

“பதினொரு நாளுன்னு எழுதச் சொன்னது நாந்தான். டைபாய்டு. கம்பெனி விலாசத்துக்குப் போட்டேன்.”

“யாரு எழுதினா?” என்று கேட்டேன். தொழில் பழக்கம்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். “என்ன ரைட்டரய்யா இப்படிக் கேக்கீக? நீங்கதானே எழுதித் தந்தீக.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தினம் நாலு பேருக்குக் கடிதம் எழுதுகிறவன் நான். எனக்கு நினைவில்லை. என் வாழ்க்கையில் ‘நினைவில்லை’ என்று சாட்சிகள் முன் சொல்லியது அந்த ஒரு தடவைதான்.

புளியங்குடிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நல்ல சாட்சி வே நீரு! ஏழு வருஷமா அந்த மனுஷனைத் தோண்டித் துருவிட்டு, சொந்தக் கையெழுத்தை மறந்துட்டீரே!” பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார். “சம்பந்தி, பொய்க்கதை கட்டுதவன் தான் ஓட்டினதாத்தான் கட்டுவான். மூட்டை மாதிரி உக்காந்து நாயைக் கட்டிக்கிட்டு அழுதேன்னு எவனும் கட்டமாட்டான். வைகாசியில நாள் பாப்போம்.” ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

கோமதி அப்பாவிடம் வந்தாள். அவர் சட்டைக் காலரில் மடங்கியிருந்த ஓரத்தைச் சரி செய்துவிட்டு உள்ளே போனாள். அண்ணாச்சி இன்னும் சுவரைப் பார்த்தே நின்றார்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பரண்மேல் ஏறி 1970-ஆம் வருட டைரியை இறக்கினேன். நவம்பர் 9, திங்கட்கிழமை. ‘காலை 7.15: எதிர்வீட்டு அம்மாளுக்குக் கடிதம் ஒன்று. மகளுக்குக் காய்ச்சல், பதினொன்றாம் நாள். பம்பாய்க் கப்பல் கம்பெனி விலாசம்.’ தெளிவான கையெழுத்து. அடியில் கோடு. பத்து வருடம் அது என் தலைக்கு மேலே பரணில் இருந்திருக்கிறது. அவர் சொன்னதையெல்லாம் இருபத்து மூன்று தடவை சரிபார்த்த நான், நான் எழுதியதை ஒரு தடவையும் சரிபார்க்கவில்லை. முரண்பாடு நோட்டை எடுத்து, சிவப்புக் கோட்டுக்கு அருகில் எழுதினேன்: ‘இழுத்தவை ஏழு. மடியில் ஒன்று. ஆக எட்டு. சரி.’

மார்ச் 16, திங்கட்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். கிணற்றுப் பக்கம் போகவில்லை, காப்பி கேட்கவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அண்ணாச்சி அப்போதுதான் கடைப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தார். நொண்டி எட்டு, பன்னுக்காக வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

“என்னவே ரைட்டரே, இந்நேரத்துல?”

“நாய்வண்டியில போனதைச் சொல்லுங்க அண்ணாச்சி. முதல்லேர்ந்து.”

அவர் என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நோட்டு எங்கவே?”

“வீட்டுல வச்சுட்டு வந்தேன்” என்று சொல்லிவிட்டு, எட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.